பர்பாரா நாளில் நுஹாத் போட்ட வேடம்

நுஹாத் பல் கட்டிக்கொள்கிறாள் என்றுதான் தெரு முழுக்க நம்பியது.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை காலையில், கணவன் ஃபாயிஸின் பிக்கப்பில் ஏறி ஸஹ்லேயிலிருந்து மலையைத் தாண்டிப் பெய்ரூத் போவாள். இருட்டும்போது திரும்புவாள். அதன்பின் நாலைந்து நாள் கடை திறக்காது. "ஈறு வீங்கியிருக்கு," என்பான் ஃபாயிஸ். அதற்குமேல் யாராவது கேட்டால் பிக்கப்பின் மூடியைத் திறந்து எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொள்வான். பொய் சொல்ல வராத மனிதன். அந்த வருடம் போல எந்த வருடமும் அவன் எஞ்சினைக் கவனித்ததில்லை.

"ஸஹ்லேயில பல் டாக்டரே இல்லையா?" என்று எதிர்வீட்டு வர்தே கேட்டாள்.

"இருக்காரே. உனக்குப் பல் கட்டினவர். அதைப் பாத்துட்டுத்தான் பெய்ரூத் போறேன்."

வர்தே வாயை மூடிக்கொண்டாள். நுஹாத் வெடுக்கென்று பேசினால் அவள் கொஞ்ச நேரம் வாயை மூடுவது வழக்கம். பிறகு இருமடங்காகத் திறப்பாள்.

"அதுக்கு இத்தனை தடவையா? வாய்ல எத்தனை பல்லுடி வச்சிருக்க? முதலையா நீ?"

பல்லுக்கு ஒன்றுமில்லை. ஜூலை மாதம் குளிக்கும்போது இடது மார்பில் கொண்டைக்கடலை போல ஒன்று விரலில் தட்டியது. ஸஹ்லே ஆஸ்பத்திரியில் வர்தேயின் அண்ணன் மகள் நர்ஸ். ரத்தம் எடுப்பவன் கறிக்கடைக்காரரின் மருமகன். அங்கே போய் மார்பைக் காட்டுவதற்குப் பதில் சந்தையில் நின்று கத்திவிடலாம். அதனால் பெய்ரூத். அங்கே பெயரைச் சொல்லிவிட்டார்கள். ஸஹ்லேயில் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். 'அந்த நோய்' என்பார்கள், குரலைத் தாழ்த்தி, அது அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பது போல.

விஷயம் தெரிந்தவர்கள் ஃபாயிஸ், குவைத்தில் இருக்கும் மகன் ஜிஹாத், கோயில் பாதிரியார் அபூனா மெலேத்தியோஸ். அவ்வளவுதான்.

கீமோ தொடங்கி முடி கொட்டியதும் பெய்ரூத்திலேயே ஒரு விக் வாங்கினாள். அது அவளுடைய சொந்த முடியைவிட நன்றாக இருந்தது. அங்கேதான் சிக்கல்.

"என்ன சாயம் போடற?" என்றாள் வர்தே.

நுஹாத் வாய்க்கு வந்த ஒரு பெயரையும் நம்பரையும் சொன்னாள். அடுத்த வாரம் வர்தேயின் தலை செம்புப் பானை நிறத்தில் வந்து நின்றது.

"உன் தலையில மட்டும் எப்படி இப்படி வருது?"

"உள்ள இருக்கறதப் பொறுத்து வரும் வர்தே."

கடை தெருமுனையில் இருந்தது. பட்டன், நூல், ஊசி, பெண்களுக்கான காலுறை. நவம்பர் கடைசியில் மட்டும் வாசலில் முகமூடிகள் தொங்கும். பர்பாரா திருநாளுக்கு முந்தின மாலை ஊரே வேடம் போடும். சின்னதுகள், பெரியதுகள், பாட்டன்கள் எல்லாம். வீடு வீடாகப் போய், குரலை மாற்றிப் பேசி, கண்டுபிடி பார்க்கலாம் என்று நிற்பார்கள். வீட்டுக்காரர்கள் வேகவைத்த இனிப்புக் கோதுமையைக் கிண்ணத்தில் கொடுப்பார்கள். அப்பனுக்குத் தப்பி ஓடிய புனிதை யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்று வேடம் போட்டாளாம். அதற்குத்தான் இத்தனை கூத்தும். எந்த முகமூடி யாருக்கு விற்றோம் என்று நுஹாத்துக்குத் தெரியும் என்பதால் அவளிடம் மட்டும் யாருடைய வேடமும் பலிக்காது. கதவைத் திறந்ததும், "வா ஜோர்ஜ், செருப்பைக் கழட்டு" என்பாள். கரடி முகம் தொங்கிப்போகும்.

அவள் ஏன் மறைத்தாள் என்றால், வதீஹால்.

வதீஹ் காய்கறிக் கடைக்காரன். போன வருடம் அவனுக்கு அந்த நோய் வந்தது. புதன்கிழமைகளில் கோயிலில் பெண்கள் கூடிச் செபமாலை சொல்வார்கள். கடைசியில் நோயாளிகளின் பெயர்களைச் சொல்லி மன்றாடுவது நுஹாத்தின் வேலை. பேப்பர் வேண்டாம், எல்லாப் பெயரும் அவளுக்கு மனப்பாடம். அவள்தான் வதீஹின் பெயரை முதலில் சொன்னாள். நல்ல எண்ணத்தோடுதான். மறுநாளே ஊர் அவனிடம் பேரம் பேசுவதை நிறுத்தியது. கத்தரிக்காயை அவன் சொன்ன விலைக்கு வாங்கினார்கள், மிச்சத்தைக் கேட்கவில்லை, பையை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி போனார்கள். "நான் செத்தது அக்டோபர்லன்னு எழுதுவாங்க," என்று அவன் ஒருநாள் நுஹாத்திடம் சொன்னான். "பொய். மே மாசமே கொன்னுட்டாங்க." சொன்னபடி அக்டோபரில் போய்ச் சேர்ந்தான்.

இந்த வருடம் புதன்கிழமைகளில் அவள் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வருவாள். தன் பெயர் வரவேண்டிய இடம் வரும். அங்கே லேசாக இருமிவிட்டு அடுத்த பெயருக்குப் போவாள்.

தனியாக இருக்கும்போதும் அதே கதைதான். அடுத்தவருக்காக ஆண்டவரிடம் சண்டை போடத் தெரியும் அவளுக்கு. சந்தையில் பேசுவது போலப் பேசுவாள்: அந்தப் பிள்ளைக்கு விசா கொடும், இந்தக் குழந்தையின் காய்ச்சலை எடும், நாளைக்குள் வேண்டும். தனக்கென்று வரும்போது மட்டும், கடன்காரனைத் தெருவில் பார்த்தவள் போல அவர் முகத்தைப் பார்க்காமல் நழுவிவிடுவாள்.

அபூனா மெலேத்தியோஸ் கடைக்கு வந்தார், பட்டன் வாங்குவது போல.

"எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுத்திடறேனே உம் ஜிஹாத். வீட்டுக்கு வரேன்."

"நீங்க எங்க வீட்டுக்கு வந்தா மூணு மாடிக்கும் சாம்பிராணி வாசம் போகும்."

"சாம்பிராணி இல்லாம வரேன்."

"உங்க தாடி போதும் அபூனா. வாரநாள்ல உங்க தாடி ஒரு வீட்டுப் படியேறினா ஊர்ல காபிக்கொட்டை வறுக்க ஆரம்பிச்சிடுவாங்க, துக்கத்துக்கு."

அவர் சிரித்தார். போகவில்லை. நுஹாத் பட்டன் பெட்டியை மூடினாள்.

"ஒண்ணு கேக்கறேன். பர்பாரா ஓடினப்ப விதைச்ச வயல்ல கோதுமை ஒரே நொடியில வளந்து அவளை மறைச்சுதுன்னு சொல்றீங்க. சரி. அப்புறம் ஆடு மேய்க்கிறவன் காட்டிக் கொடுத்துட்டான். மறைச்சவரு எதுக்குக் காட்டிக் கொடுக்க விட்டாரு?"

அபூனா தாடியைச் சொறிந்தார். "எனக்குத் தெரியல. கோதுமைக்குள்ளயே இருந்திருந்தா அவ யாருன்னே நமக்குத் தெரிஞ்சிருக்காது."

"அது நமக்கு லாபம். அவளுக்கு?"

அபூனா இரண்டு கறுப்புப் பட்டனுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

நான்காவது கீமோ முடிந்து வந்த ராத்திரி அவள் ஃபாயிஸிடம் சொன்னாள், இனிமேல் போகப் போவதில்லை என்று. இன்னும் இரண்டு, பிறகு ஆபரேஷன், பிழைக்க நல்ல வாய்ப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். சத்தியம் எதுவும் செய்யவில்லை, ஆனால் நல்ல வாய்ப்பு என்றார். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் மறைக்கவில்லை.

"வலிக்குதா?" என்றான் ஃபாயிஸ்.

"வலி இருக்கட்டும். எதுக்குன்னு தெரியல. சுவத்தைப் பாத்துப் படுத்துட்டு, எந்திரிச்சு, பல்லுன்னு பொய் சொல்லிட்டு, மறுபடி போய்ப் படுத்துட்டு. யாருக்காக இதெல்லாம்?"

எனக்காக என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொல்லியிருக்கலாம். பால்கனிக்குப் போய் நின்றுகொண்டான்.

டிசம்பர் மூன்றாம் தேதி சனிக்கிழமை, பர்பாராவுக்கு முந்தின நாள். திங்கட்கிழமை ஐந்தாவது கீமோ. ஃபாயிஸ் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சாயங்காலம் வழக்கம்போலக் கோதுமை வேகவைத்தாள். சோம்பு, சர்க்கரை, மேலே மாதுளை முத்து, அக்ரூட். அடுப்புச் சூட்டில் விக்குக்குள் தலை அரித்தது. கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டினாள். கீழே தெருவில் டப்பா தட்டும் சத்தம், பிள்ளைகளின் கூச்சல். கூடத்துக் கண்ணாடியைக் கடந்து போனவள் நின்றாள்.

வழுக்கை. புருவம் இல்லை. கன்னம் வீங்கியிருந்தது. யாரையோ பார்த்த மாதிரி இருந்தது. யார்? சட்டென்று தெரிந்தது. ஜெனரேட்டர்க்கார ஷஃபீக்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, தொண்டையில் முள் போலக் குத்தியது.

ஸஹ்லேயில் அரசாங்க மின்சாரம் வந்தால் வரும், வராவிட்டால் அந்தத் தெருவுக்குத் தன் ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்து வெளிச்சம் தருகிறவர் ஷஃபீக்தான். மாதத் தொடக்கத்தில் குறடும் கையுமாக வருவார். பணம் தராதவன் வீட்டு ஒயரைத் துண்டிப்பார். ஊரில் எல்லோரும் திட்டும் ஆள், எல்லோரும் வணக்கம் சொல்லும் ஆளும்கூட. நுஹாத் கண்மையை எடுத்தாள். அடர்ந்த புருவம் இரண்டு, மீசை ஒன்று. ஃபாயிஸின் தோல் கோட்டு. வயிற்றில் தலையணை. கருவிப் பெட்டியிலிருந்து குறடு.

ஃபாயிஸ் கதவைத் திறந்து உள்ளே வந்தான். அப்படியே நின்றான்.

"நுஹாத். தலை."

"இன்னிக்கு ஒருநாள்தான்டா மனுஷா, இதை யாரும் என்னன்னு கேக்காத நாள்."

முதலில் மேல்மாடி. கதவைக் குறடால் தட்டினாள். கரகரத்த குரலில், "பணம்! இல்லன்னா ஒயரை வெட்டிடுவேன்!" என்றாள். வீட்டுக்காரி அலறி, பிறகு பார்த்து, சுவரில் சாய்ந்து சிரித்தாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பின்னாலேயே வந்தார்கள். அடுத்த வீட்டில் கரடி சேர்ந்தது. அதற்கடுத்து தாடி வைத்த மணப்பெண். தெருவில் இறங்கியபோது பின்னால் ஒரு கூட்டம்.

"ஷஃபீக்குக்கு வழி விடுங்கப்பா!"

"தலையைப் பாரு, அச்சு அசல்!"

"எங்கடி வாங்கின இந்த ரப்பர்த் தொப்பி? எங்களுக்கெல்லாம் மட்டமான சரக்கு, உனக்கு மட்டும் இதுவா?"

"கடைக்காரின்னா அப்படித்தான்," என்றாள் நுஹாத்.

காற்று மலையிலிருந்து இறங்கி நேராக அவள் தலையில் பட்டது. முடி போனதிலிருந்து அந்தத் தலை வெளிக்காற்றைக் கண்டதில்லை. குளிர்ந்தது. அவளுக்கு ஓடவேண்டும் போல இருந்தது.

வர்தே வீட்டுக் கூடம் நிரம்பியிருந்தது. டீசல் அடுப்பைச் சுற்றி நாற்காலிகள். மூலையில் அபூனா கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். தெருவிலேயே வர்தேயின் கோதுமைதான் நல்ல கோதுமை என்பது அவர் கட்சி, அதை நுஹாத் எதிரில் சொல்ல மாட்டார். அவருக்குப் பக்கத்தில், மடியில் கிண்ணத்தோடு, உண்மையான ஷஃபீக்.

கூட்டம் மூச்சைப் பிடித்தது.

ஷஃபீக் எழுந்தார். சுற்றி வந்து பார்த்தார். வயிற்றைத் தட்டினார்.

"நான் இவ்வளவு அழகா?"

"இல்ல," என்றாள் வர்தே. "அவ கொஞ்சம் கூட்டித்தான் போட்டிருக்கா."

கூடம் வெடித்தது. ஷஃபீக்கும் சிரித்தார். தன் தலையை அவள் தலைக்குப் பக்கத்தில் குனிந்து வைத்து, யாருடையது பளபளக்கிறது என்று கேட்டார். அவளுடையதுதான் என்று தீர்ப்பானது.

"தையலே தெரியலையே. எங்க முடியுது இந்தத் தொப்பி?" என்றார் அவர்.

"நகருங்க, நான் காட்டறேன்," என்று வர்தே பின்னால் வந்தாள். காதுக்கு மேலே விரலை வைத்து, தொப்பியின் விளிம்பைப் பிடித்து உரிப்பது போல இழுத்தாள். விரல் வழுக்கியது. மறுபடி, இந்தமுறை நகத்தோடு. தோல் மடிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

வர்தேயின் கை நின்றுவிட்டது.

நுஹாத் திரும்பவில்லை. அந்தக் கை தன் தலையிலேயே இருப்பது தெரிந்தது. பிறகு உள்ளங்கை முழுவதும் விரிந்து, தலையை மூடினாற்போல் படிந்தது. ஃபாயிஸ்கூட அந்தத் தலையைத் தொட்டதில்லை. பயம் அவனுக்கு.

"அட போங்கப்பா," என்றாள் வர்தே, எல்லோருக்கும் கேட்கும்படி. "பசை போட்டு ஒட்டியிருக்கா. இழுத்தா தோலோட வந்துடும். விடுங்க அவளை. கோதுமை ஆறுது."

யாரும் எதையும் கவனிக்கவில்லை. சிரிப்பு அடுத்த வேடத்துக்குத் தாவியது. அப்படியே விட்டிருக்கலாம். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். வாழ்நாளில் ஒரு ரகசியத்தையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காத வர்தே, இதை வைத்துக்கொள்வாள் என்று நுஹாத்துக்குத் தெரிந்தது. அந்தக் கை அதைச் சொன்னது.

வாசலில் பிள்ளைகள் பர்பாரா ஓடிய கதையைப் பாட்டாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். நுஹாத் கேட்டுக்கொண்டு நின்றாள். கோதுமைக்குள் ஒளிந்தவளுக்கு என்ன தெரிந்திருக்கும்? நாலாபக்கமும் கோதுமைத் தண்டு. தன் மூச்சுச் சத்தம். வேறு யாரும் இல்லை. எத்தனை நாள் அப்படி இருக்க முடியும்? போதும், என்னைப் பார்க்கட்டும் என்று அவளுக்கே தோன்றியிருக்குமோ?

ஆண்டவரே, நான்தான் நுஹாத், என்றாள் மனதுக்குள். தனக்காக அவள் சொன்ன முதல் செபம் அது. அதற்குமேல் சொல்ல எதுவும் வரவில்லை. வேண்டியிருக்கவும் இல்லை.

"தொப்பி இல்ல," என்றாள் சத்தமாக. தன் சொந்தக் குரலில். "என் தலைதான். எனக்குப் புத்துநோய். ஜூலையிலேர்ந்து."

எலும்புக்கூடு வேடம் போட்டிருந்த கறிக்கடைக்காரர் முகமூடியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஒரு பெண், "ஐயோ, பாவமே," என்று குரலைத் தாழ்த்தினாள். இன்னொருத்தி நாற்காலியை நகர்த்தி, "உக்காரும்மா, உக்காரு," என்றாள். தொடங்கிவிட்டது. வதீஹுக்குத் தொடங்கியது போலவே.

"அப்ப அந்தப் பல்லு?" என்றாள் வர்தே.

"பல்லுக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப அந்த முடி?"

"விக்."

வர்தே முன்னால் வந்து நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

"அடிப்பாவி! விக்குக்கா சாயம் கேட்டேன் நான்? இந்தத் தலையைப் பாரு! ரெண்டு மாசமா செம்புப் பானையைத் தூக்கிட்டுத் திரியறேன்! என் புருஷன் ஒருநாள் இதைத் தேய்க்கலாமான்னு கேட்டான்! நீ ஜன்னல்ல நின்னு சிரிச்சிருக்க!"

"சிரிச்சேன்," என்றாள் நுஹாத்.

"கொன்னுடுவேன் உன்னை!"

"வரிசையில நில்லு."

முதலில் சிரித்தது ஷஃபீக். அவரால் அடக்க முடியவில்லை. பிறகு கரடி. அதன்பின் கூடமே அழுதுகொண்டு சிரித்தது. வர்தே நுஹாத்தைக் கட்டிப்பிடித்தாள், தலையணை வயிற்றோடு.

அந்தத் தோளுக்கு மேலாக நுஹாத் மூலையைப் பார்த்தாள்.

"அபூனா. எண்ணெய் எடுத்துட்டு வாங்க."

அவர் வாயில் கோதுமை இருந்தது. விழுங்கினார். "இப்பவா? காலையில பூசைக்கு அப்புறம்..."

"காலையில எனக்கு இந்தத் தைரியம் இருக்காது."

அபூனா கோயிலுக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. தாடி சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, கோட்டுக்கு மேலேயே தோள்துகிலைப் போட்டுக்கொண்டார். அவளைப் பார்த்துத் தயங்கினார்.

"மீசையைக் கழுவிட்டு வரியா?"

"இருக்கட்டும். ஆண்டவருக்கு அடையாளம் தெரியாதா என்னை?"

எல்லோரும் எழுந்து நின்றார்கள். கரடி, தாடி மணப்பெண், ஜெனரேட்டர்க்காரர். ஆளுக்கொரு மெழுகுவத்தி. அபூனா எண்ணெய்யைத் தொட்டு நெற்றியில், கன்னங்களில், கைகளில் சிலுவை வரைந்தார். கண்மை கரைந்து மீசை காதுவரை போனது. அவர் செபத்தில் அவள் பெயர் வந்தது. "ஆண்டவரே இரக்கமாயிரும்," என்றார்கள் எல்லோரும். மறுபடி அவள் பெயர். மறுபடி அவர்கள்.

நோயாளியின் பெயரைக் கோயிலில் கேட்கும்போதெல்லாம் பெட்டிக்கு ஆணி அடிப்பது போல அவளுக்கு இருந்திருக்கிறது. இன்று அப்படி இல்லை. சாப்பாடு ஆறிவிடும் என்று யாரோ மாடியிலிருந்து கூப்பிடுவது போல இருந்தது. ஒளி எதுவும் தெரியவில்லை. கட்டி இருந்த இடத்தில்தான் இருந்தது. பிழைப்போம் என்ற உறுதியும் வரவில்லை. பிழைத்தாலும் இல்லாவிட்டாலும், கூப்பிடும் குரலுக்குப் பதில் சொல்லவேண்டும் என்று மட்டும் தோன்றியது. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவள் அதைச் செய்ய முடியாது.

ஃபாயிஸ் வாசற்படியில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாகவோ. கழுத்துவரை நனைந்திருந்தான்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றாள் அவனிடம்.

தலையை விட்டுக்கொள்ள அங்கே எஞ்சின் இல்லை. எல்லோர் முன்னிலும் அழுதான்.

திங்கட்கிழமை பிக்கப்பில் மூன்று பேர். வர்தேயை யாரும் கூப்பிடவில்லை. பிளாஸ்கும் போர்வையுமாகக் கீழே நின்றவள், கதவைத் திறந்து நுஹாத்தை இடித்து நகர்த்தி ஏறிக்கொண்டாள். கணவாயில் பனிமூட்டம். முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. ஃபாயிஸ் பிக்கப்பை ஊரவிட்டான்.

வர்தே செபமாலையை எடுத்தாள்.

"யாருக்காகச் சொல்லணும்? நீதான எப்பவும் பேர் சொல்லுவ. ஆரம்பி."

நுஹாத் தொண்டையைச் செருமினாள். நுஹாத், என்றாள். பிறகு நிறுத்தாமல் மற்ற பெயர்களை, தெரிந்தவை எல்லாவற்றையும், சண்டைக்குப் போகிறவள் குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். வர்தே பதில் சொன்னாள். கொஞ்ச நேரத்தில், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஃபாயிஸும் சொன்னான். அவன் குரல் செபத்தில் எப்படி இருக்கும் என்று கல்யாணமானதிலிருந்து அவள் கேட்டதில்லை. ராகம் கொஞ்சம் பிசகியிருந்தது. அவள் திருத்தவில்லை.